எதிர் மேஜை இருமல்

"மேடம், இவ வேணும்னே இருமறா!"

பரிசோதனைக் கூடமே திரும்பிப் பார்த்தது. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று சொன்னவளே எதிர்பார்க்கவில்லை.

அந்த வகுப்பில் அவள் எல்லோருக்கும் அக்கா. போன வருஷம் இரண்டாம் செமஸ்டர் வேதியியலில் கோட்டை விட்டாள். அவளோடு சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இவள் மட்டும் ஜூனியர் பிள்ளைகளோடு நின்று அதையே திரும்பப் படிக்கிறாள்.

பிராக்டிகல் பரீட்சைதான் அவளைக் கவிழ்த்தது. குடுவையில் லேசாக ரோஸ் நிறம் தட்டியதும் சொட்டு விடும் பியூரெட் குழாயை மூடியிருக்க வேண்டும். அவசரத்தில் கூடுதலாகத் திறந்துவிட்டாள். குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு 'பீட்ரூட்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் ஜூனியர்கள் காதுக்கும் எட்டியிருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இல்லையென்றால் எதிர் மேஜைக் கண்ணாடிக்காரி ஏன் இருமப் போகிறாள்?

செமஸ்டர் முழுக்க இதே கதை. நிறம் மாறுகிற நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமுவாள். அக்காவுக்குக் காது மடல் சுடும். 

இன்று பரீட்சையிலும், முதல் குடுவையிலேயே அதே இருமல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், வெடித்துவிட்டாள்.

வேதியியல் மேடம் வேகமாக வந்தார். கண்ணாடிக்காரியிடம், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்... சளி."

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம்! வெளிய நல்லாத்தான் பேசிட்டிருந்தா. என்னைக் கேலி பண்றதுக்குன்னே இருமறா. தினமும் இதே வேலைதான்."

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் இதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டார்.

"பரீட்சை ஹால்ல என்ன விளையாட்டு இது? அந்தப் பொண்ண வெளிய அனுப்புங்க."

"சார், நல்லாப் படிக்கிற பொண்ணு. இந்த ஒரு தடவை..."

"அனுப்புங்க மேடம்."

கண்ணாடிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சொல்லவில்லை. பாதியில் நின்ற விடைத்தாளை அப்படியே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனாள்.

அக்காவுக்கு மூச்சு சீரானது. பியூரெட்டைத் திறந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டாள். லேசான ரோஸ் வந்து நின்றது. மூடினாள். ஒரு வருஷத்து அவமானம் தொலைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற நெட்டையனைக் கவனித்தாள். அவனுடைய இரண்டாவது குடுவை எப்போதோ கருஞ்சிவப்பாகியிருந்தது. ஆனாலும் அவன் சொட்டுவிட்டுக்கொண்டே இருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"டேய், என்னடா பண்ற? எப்பவோ தாண்டிடுச்சே!"

அவன் குடுவையை அசைத்து அசைத்துப் பார்த்தான். 

"வந்துடுச்சா அக்கா?"

"என்ன வந்துடுச்சா?"

"கலர்."

 அவன் கண்களைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அதற்குள் எக்ஸாமினர் வந்து குடுவையைத் தூக்கிப் பார்த்தார். "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று அவன் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

மணி அடித்ததும் அக்கா வெளியே ஓடினாள். படிக்கட்டில் கண்ணாடிக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அவனுக்காகவா இருமுன?"

"மத்ததெல்லாம் அவனே செஞ்சுடுவான் அக்கா. கணக்கு எனக்கே அவன்தான் சொல்லிக் குடுப்பான். கலர் ஒண்ணுதான் தெரியாது. நான் இருமினதும் மூடிடுவான். வெளிய தெரிஞ்சா இந்தப் படிப்பே உனக்கு வேணாம்னு அனுப்பிடுவாங்கன்னு பயம்."

"என்னைக் கேலி பண்றேன்னு நெனச்சேன்."

"உங்களையா? எதுக்கு?"

அவளுக்கு 'பீட்ரூட்' கதையே தெரிந்திருக்கவில்லை.

"உள்ள வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அவனையும் சேத்துல்ல சொல்லணும்?" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவனுக்குச் சரியா வந்துச்சா அக்கா?"

 அக்கா திரும்பி உள்ளே நடந்தாள்.

கூடம் காலியாகியிருந்தது. எக்ஸாமினர் கிளம்பிப் போயிருந்தார். மேடம் மட்டும் நெட்டையனின் குடுவையைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பு நீர் தொட்டியில் ஓடியது.

"மேடம், தப்பு என்னோடதுதான். அவ என்னைக் கேலி பண்ணல. எக்ஸாமினர் சார்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ? அவனுக்காக இருமுனான்னா? ரெண்டு பேரையும் பரீட்சையே எழுத விடமாட்டாங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மேடம்... அவ எதுக்கு இருமுனான்னு உங்களுக்கு..."

மேடம் குழாயை மூடினார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"செமஸ்டர் முழுக்க என் காதுல விழாத இருமல்மா அது. இன்னிக்கு அவர் முன்னாடி நீ விழ வெச்சிட்ட."