பனிக்கட்டி வீட்டுக்கு வந்த விருந்தாளி

வெகு தூரத்தில் ஒரு நிலா. அதன் மேலெல்லாம் பனிக்கட்டி, அடியில் இருட்டான கடல், கடலுக்குள் விரல் நகமளவு குட்டிப் பிராணிகள். கடல் அவ்வப்போது பனிக்கட்டியின் விரிசல்கள் வழியே உப்புத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும். முகமெல்லாம் கறையாகிறதே என்று பனிக்கட்டி எரிந்து விழும்.

ஒரு நாள், வானத்திலிருந்து ஓர் எந்திரம் இறங்கி வருவதைப் பனிக்கட்டி பார்த்துவிட்டது. இத்தனை காலத்தில் வரும் முதல் விருந்தாளி! அவசர அவசரமாக விரிசல்களை இறுக்கி மூடிக்கொண்டே அது கீழே இருந்தவர்களை அதட்டியது. "அவங்க போறவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. என் மானத்தை வாங்கிடாதீங்க!"

எந்திரம் இறங்கி நின்று மெல்லத் தட்டியது. "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"யாருமே இல்லீங்க," என்றது பனிக்கட்டி பெருமையாக. "நான் மட்டும்தான். பாருங்க, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்!"

"சுத்தமாத்தான் இருக்கு." எந்திரத்தின் குரல் இறங்கிப்போனது. "உயிருள்ள ஒண்ணையாவது பார்த்துடணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

பனிக்கட்டிக்குச் சுருக்கென்றது. ஆனால் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்வது? கொஞ்ச நேரம் காத்து நின்ற எந்திரம், எழும்பிப் பக்கத்து நிலாவைப் பார்க்கப் போய்விட்டது.

வெகுநேரம் கழித்து ஒரு விரிசல் மெல்லத் திறந்தது. அடியிலிருந்து ஒரு குட்டிப் பிராணி கிசுகிசுத்தது.

"விருந்தாளி போயிட்டாங்களா? நாங்க சத்தமே போடலை. நல்ல பிள்ளைங்களா இருந்தோம்ல?"