குடும்பத்துக்கு மட்டும்

காலையில் அவன் இரண்டு கப் காபி போட்டான். அவளுக்குச் சர்க்கரை இல்லாமல், தனக்குச் சர்க்கரையோடு. பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தபோது, கோடு போட்ட சட்டை இஸ்திரி போட்டுக் கட்டிலின் மேல் தயாராக இருந்தது.

"அதைப் போட்டுக்குங்க. பார்க்கக் கொஞ்சம் பொறுப்பானவர் மாதிரி தெரியும்," என்றாள் மனைவி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"மத்த சட்டையில எப்படித் தெரியறேனாம்?"

"உள்ளபடி."

போட்டுக்கொண்டான். மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. அதற்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அடுத்த வீடு அமைந்தபாடில்லை.

தெருமுனையில் தரகர் காத்திருந்தார். பைக்கில் இரண்டு பேர் வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது.

"வாங்க சார்! நீங்க முதல்லயே வந்திருந்தா என் செருப்பு இப்படித் தேய்ஞ்சிருக்காது. மேடம் தனியா வந்தப்போ நாலு வீட்டுல வாசலோட அனுப்பிட்டாங்க. அஞ்சாவது வீட்டுல நாயை அவிழ்த்து விடல, அதுதான் பாக்கி."

"லீவு கிடைக்கல," என்றான்.

கேட்டில் அட்டை தொங்கியது. 'மாடி வாடகைக்கு. குடும்பத்துக்கு மட்டும்.' கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா முதலில் அவனைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகே சாவி வெளியே வந்தது.

"சண்டை கிண்டை உண்டா? எனக்குச் சத்தம் ஆகாது."

"சத்தமே வராதும்மா," என்றாள் மனைவி.

மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும் சமையலறை. அவள் குழாய்களைத் திறந்து பார்த்தாள். வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். படுக்கையறைக்கு வந்து அதை அளந்தாள், சாண் சாணாக.

"கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டுட்டா மேசைக்கு இடம் இருக்கும்."

"சுவரை ஒட்டிப் போட்டா உள்பக்கம் படுக்கறவர் எப்படிம்மா இறங்குவார்?" என்றாள் வீட்டுக்கார அம்மா.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அளக்கத் தொடங்கினாள். "நான் தாண்டிக் குதிச்சுடுவேம்மா," என்றான் அவன். தரகர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

பால்கனியில் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தது.

"கீழ நாற்காலியில உக்காந்தா இந்தக் கொடி எனக்கு நேரா தெரியும்," என்றாள் வீட்டுக்கார அம்மா. "போன தடவை ஒரு பொண்ணு, புருஷனுக்கு ராத்திரி வேலைன்னு சொல்லிக் குடிவந்தா. நானும் மாசக்கணக்காப் பார்க்கறேன், கொடியில ஒரு ஆம்பளைச் சட்டை காயல. என் காதுலயா பூ சுத்தறது? கிளப்பிட்டேன்."

அவள் கொடியை இழுத்துப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது.

"வாடகை பதினாறு."

"பதிமூணுக்கு மேல முடியாதும்மா," என்றான் அவன். "ஒரு சம்பளத்துல ஓட்டணும்."

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறதாத் தரகர் சொன்னாரே?"

"இன்னொரு சம்பளம் வேற வீட்டுக்குப் போயிடும்."

"ஓ, சொந்த வீட்டுக்குத் தவணை கட்டறீங்களா? பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க." வீட்டுக்கார அம்மா அவன் சட்டையை இன்னொரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, குடும்பமா வர்றீங்க. பதிமூணே குடுங்க."

சாவி கைமாறியது. தரகர் தன் பங்கை வாங்கிக்கொண்டு, புதுச் செருப்பு வாங்கப் போவதாக அறிவித்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் அவள் சாவியை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாம் என்று அவள் வாய் தவறியாவது சொல்வாள் என நினைத்து, சிக்னலில் நின்றபோதெல்லாம் அவன் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தான். பஸ்ஸின் ஹாரன்தான் கேட்டது.

வீட்டு ஹாலில் பாத்திரங்களும் புத்தகங்களும் இரண்டு பங்காக மூட்டை கட்டிக் கிடந்தன. அவன் கோடு போட்ட சட்டையைக் கழற்றி மடித்தான். பாதி நிரம்பியிருந்த தன் பெட்டிக்குள் அதை வைக்கக் குனிந்தபோது, அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

நிமிர்ந்து பார்த்தான். காலையிலிருந்து காத்திருந்தது இப்போது வரப்போகிறது என்று தோன்றியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அதை என் பெட்டியில வைங்க. வாராவாரம் நனைச்சுக் கொடியில போடணும்."