முறைக்கிறவள்

"இது நெஜமாவே பழைய போஸ்டரோட காப்பிதானா? இல்ல, இங்கேயே யாராவது வரைஞ்சு தள்ளினதா?"

அச்யுத் கேட்டதும் லேமினேஷன் மெஷின் அருகில் நின்ற சிந்து சட்டென்று நிமிர்ந்தாள். வரைந்து தள்ளியவள் அவள்தான்.

நீலசந்திராவில் பாலகுமாரின் பிரிண்டிங் கடையில் நாலு வருஷமாக அவளுக்கு வெட்டுவதும் ஒட்டுவதும்தான் வேலை. எலெக்ட்ரானிக் சிட்டியில் காபிக் கடை திறக்கப் போகும் அச்யுத், சுவருக்கு நீலகிரியின் பழைய சுற்றுலா போஸ்டர்கள் ஆறு கேட்டிருந்தான். தேடியதில் ஐந்துதான் அகப்பட்டன. ஆறாவதை, கோத்தகிரி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சிந்து, தன் அம்மாவை நினைத்துக்கொண்டு வரைந்து கொடுத்தாள்.

"இது தேறிச்சுன்னா நாளையிலேர்ந்து நீ கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ற. தேறலன்னா பழையபடி கட்டரைப் பிடி" என்று பாலகுமார் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் கூசாமல், "சுத்தமான பழசு சார். சுதந்திரம் வந்த புதுசுல அடிச்சது" என்றார்.

"எனக்கு டவுட்டா இருக்கு. மத்த அஞ்சுலயும் டீ பறிக்கறவா சிரிச்சிண்டு இருக்கா. இவ மட்டும் முறைக்கறா."

முதுகில் இருபது கிலோ கொழுந்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறவள் எப்படி சார் சிரிப்பாள் என்று வாய்வரை வந்ததைச் சிந்து விழுங்கிக்கொண்டாள்.

"புதுசா வரைஞ்சதுன்னு தெரிஞ்சா ஆறையும் கேன்சல் பண்ணிடுவேன். என் கடையில பொய் தொங்கக் கூடாது."

பாலகுமாரின் முகம் தொங்கிப்போனது. இதை மட்டும் எடுத்துவிட்டு மற்ற ஐந்தையாவது வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று சிந்து ஓரடி முன்னால் வந்தாள். "சார், அது வந்து…"

"கொஞ்சம் இரும்மா."

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து மோர் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்த அச்யுத்தின் மாமனார் எழுந்து வந்தார். சீனிவாசராகவன், எழுபதைத் தாண்டியவர், மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு உரசும் தூரத்தில் நின்று படத்தைப் பார்த்தார். திரும்பிச் சிந்துவையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அட, இவளா?"

"யாரு மாமா?"

"மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல மாட்டியிருந்தா. அறுபத்தி மூணாம் வருஷம், அப்பா எங்களையெல்லாம் ஊட்டிக்குக் கூட்டிண்டு போறார். மலை ரயில் மூணு மணி நேரம் லேட். அவ்வளவு நேரமும் இவ என்னையே முறைச்சிண்டிருந்தா."

அறுபத்து மூன்றில் சிந்துவின் அம்மா பிறக்கவே இல்லை.

"நிச்சயமா இதே படம்தானா மாமா?"

"சின்ன வயசுல முறைச்சவளை எவன் மறப்பான்? இன்னிக்கும் உங்க மாமியார் முறைக்கறச்சே எனக்கு இவ ஞாபகம்தான் வர்றது."

அச்யுத் சிரித்துவிட்டான். "பாலகுமார், மத்ததெல்லாம் சின்னதா போதும். இதை வாசலுக்கு நேரா, டபுள் சைஸ்ல போடுங்க."

"போட்டுடலாம் சார். சிந்து, நாளைக்கு வந்ததும் கம்ப்யூட்டர்ல உட்காரு" என்ற பாலகுமார், ஃப்ரேம் காட்ட அவனை உள்ளே அழைத்துப் போனார்.

சிந்துவுக்குத்தான் உறுத்தியது. வயசானவர் ஞாபகப் பிசகில் ஏதோ உளற, அதில் தன் பிழைப்பு நடப்பதா?

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஸ்டேஷன்ல பார்த்தது வேற படமா இருக்கும். இது எங்கம்மா. போன மாசம் நான் வரைஞ்சது."

"தெரியறதே. அவ மூக்கும் கண்ணும் அப்படியே உன் மூஞ்சியில இருக்கு. ஆறுல இது ஒண்ணுதான் உசிரோட இருக்கு, புதுசுன்னா மாப்பிள்ளை தொடமாட்டார்" என்றார் அவர்.

பிறகு உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது கிடக்கட்டும், ஊட்டியில ரொம்பக் குளிருமோ? நான் இன்னிவரைக்கும் அந்தப் பக்கம் போனதே இல்லை."