பாதியில் நின்ற முள்

புது மீட்டரின் முள்ளும் பாதியில் நின்றது. டீசல் டேங்கில் விட்டு எடுத்த மூங்கில் குச்சியும் பாதிவரைதான் நனைந்திருந்தது.

“பாத்தியாக்கா?” என்றான் மதன். நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். “லாரி மீட்டர்தான். ஆனாப் படகுக்கும் கச்சிதமாக் காட்டுது. டேங்குல அளவு சொல்ற மிதவை பழசே போதும்.”

கோகிலவாணிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. போன மாதம் பழைய மீட்டரை நம்பிப் போய் நடு ஆற்றில் டீசல் தீர்ந்து, அவள் புருஷன் இளஞ்செழியனின் படகு ஜேடர்பாளையம் தடுப்பணை வரைக்கும் இழுபட்டுப் போனது.

“இனி இது எதுக்குங்க?” என்று புருஷன் கையிலிருந்த குச்சியை வாங்கி, ஒடித்து அடுப்பில் வைத்தாள்.

மத்தியானம் தடுப்பணை ஷட்டரைத் திறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும் போன் போட்டாள்.

“ஏனுங்க, டீசல் இருக்குதுங்களா?”

“பத்துப் பேரோட நடு ஆத்துல இருக்கறேன் புள்ள. நாலு நடை ஓடியும் முள்ளு ஃபுல்லுல நிக்குது. நான் சோறுண்ணப் போனப்ப நீதானே வந்து ஊத்துன?”

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். டீசல் கேன் மூடிகூடத் திறக்காமல் மூலையில் இருந்தது.

ஊற்றாத டீசலுக்கு முள் எப்படி ஏறும்?

“கரைக்கு வந்துருங்க! அந்த முள்ளு தலைகீழாக் காட்டுதுங்க!”

“இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு.”

அவள் மறுபடி வாயெடுப்பதற்குள், போனில் அந்தச் சத்தம் திக்கித் திணறி நின்றது.

“இப்பக் கேக்குது, சொல்லு” என்றான்.