பாராசூட்டில் வந்தவர்

"சார்ஜன் சார், ஒரு ஆளைச் சாக விட்டுட்டு ஓடி வந்தவனுக்கு என்ன தண்டனை கொடுப்பாங்க?"

காஜா பெராங் பகுதி மளிகைக் கடையில் ஏலக்காயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த சாமிநாதன் நிமிர்ந்தார். பீரங்கிப் படையில் சார்ஜன் அவர். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வீட்டுக்குச் சாமான் வாங்க வந்திருந்தார். கேட்டவர் கடைக்காரர் ஷரீஃபுதீன். வாய் ஓயாமல் பேசியே வியாபாரம் செய்கிற மனிதர், இன்று தராசைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நாளாகப் பள்ளிவாசலிலும் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்.

"யாரு பாய் ஓடி வந்தது?"

"நான்தான்."

கடையில் வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு கொட்டித் தீர்த்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் பெலாச்சான், அதான் கூனி இறால் விழுது, எடுக்க உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போயிருந்தேன் சார். மழை மூட்டம். மேல ஒரு பிளேன் இருமிக்கிட்டே போச்சு. திடீர்னு சத்தம் நின்னுச்சு. பாராசூட் விரிஞ்சு அப்படியே கடல்ல இறங்கிருச்சு. நம்மளோட சண்டை போடுற இந்தோனேசியாக்காரன் பாராசூட்ல ஆளை இறக்குறான்னு ரேடியோவுல தினமும் சொல்றாங்களே, அவன்தான்னு நெனச்சு மீன் கொட்டாய்க்குப் பின்னால ஒளிஞ்சேன். அப்புறம் சைக்கிள எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டம்."

ஒளிந்ததற்கும் ஓடியதற்கும் நடுவில் நடந்த ஒன்றை மட்டும் அவர் விழுங்கிவிட்டார். அதைச் சொல்ல நாக்கு கூசியது.

"மறுநாள் கடைக்கு வந்தவங்க சொல்றாங்க, விழுந்தது நம்ம பீரங்கிப் படை பிளேனாம். நம்ம ஆள் சார்! யாரு பெத்த புள்ளையோ. கரையில நின்ன ஒரே மனுஷன் நான். செத்தவனுக்காக வீட்டுல யாசீன் ஓத வச்சேன். யாருக்குன்னு ரஹீமா கேட்டா. தூரத்துச் சொந்தம்னு கட்டுன பொண்டாட்டிகிட்டயே பொய் சொன்னேன். கண்ணாடியில என் மூஞ்சியப் பார்க்கவே வெக்கமா இருக்கு. அந்தப் பையன் பேரைச் சொல்லுங்க. அவனைப் பெத்தவங்களப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும்."

சாமிநாதன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஏலக்காய் சிதறியது.

"பாய், அந்தப் பிளேன்ல ஆளே கிடையாது!"

"ஆளில்லாம எப்படி சார் பறக்கும்?"

"கரையில நின்னு ரேடியோவுல நாங்கதான் ஓட்டுறோம். பீரங்கிக்காரன் பறக்குறதைச் சுட்டுப் பழகணுமில்ல? முன்னெல்லாம் ஒரு பைலட், பிளேனுக்குப் பின்னால நீளமா ஒரு துணியை இழுத்துக்கிட்டுப் பறப்பான். நாங்க துணியைச் சுடணும். குறி தப்பினா பைலட் கதி என்ன? அதுக்குத்தான் இந்தக் குட்டிப் பிளேன். இஞ்சின் நின்னா பாராசூட் தானா விரியும். பொறுக்கிட்டு வந்து மறுபடியும் பறக்க விடுவோம். ஒரு உசிரும் போகக் கூடாதுன்னு வந்ததுதான் பாய் இது!"

"அல்ஹம்துலில்லாஹ்!" ஷரீஃபுதீன் அரிசி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்து அப்போதுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"உங்களுக்கு அந்தத் தலைவலின்னா எனக்கு வேற தலைவலி. அதை எடுத்துட்டு வரேன்னு அன்னிக்குச் சாயங்காலமே படகுல போன பொன்னுதுரை, பாராசூட் துணியோட கம்பி நீட்டிட்டான். பிளேன் மட்டும் கரை ஒதுங்குச்சு. கயித்தையெல்லாம் கத்தியால அறுத்திருக்கான். போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கோம்."

"நமக்குப் பெலாச்சான் போடுற பொன்னுதுரையா? பூனை மாதிரி இருப்பானே!" ஷரீஃபுதீன் உச்சுக் கொட்டினார். "நல்ல துணின்னா ஆசை யாரை விட்டுச்சு?"

மனம் லேசாகிவிட்டது. விழுங்கியதையும் கேட்டுத் தெளிந்துவிடலாம் என்று தோன்றியது.

"சார், அந்தக் குட்டிப் பிளேன் தண்ணியில கிடக்கும்போது ஏதாச்சும் சத்தம் போடுமா?"

"இஞ்சின் நின்னதுக்கப்புறம் என்ன சத்தம்?" சாமிநாதன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டார்.

"இல்ல, நான் ஒளிஞ்சிருந்தேனே, கொஞ்ச நேரம் கழிச்சுக் கடல்லேர்ந்து 'தொலோங், தொலோங்'னு ஆள் கத்துற மாதிரியே கேட்டுச்சு. காப்பாத்துன்னு நம்ம ஊர்ல கத்துற மாதிரித்தானே இந்தோனேசியாக்காரனும் கத்துவான்? அதைக் கேட்டுத்தான் பயந்து ஓடினேன்."

சாமிநாதன் பையைக் கீழே வைத்தார். கயிற்றை அறுத்தது திருட அல்ல, சிக்கிக்கொண்டு தப்பிக்க என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"பொன்னுதுரை எங்கயும் ஓடிப் போகல, பாய்."