மூங்கில் கம்புகள்

மலையடிவாரக் கொட்டகையின் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்ட்ரூவைத் தேடப் போனவர்கள் சேறு அப்பிய காலணிகளோடு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வேனில் ஏறுகிறார்கள். வழிகாட்டி கிளீட்டஸ் நீலப் பீப்பாயின் அருகே நிற்கிறார். மலையேறுகிறவர்கள் அதிலிருந்து ஆளுக்கொரு மூங்கில் கம்பை எடுத்துப் போய், இறங்கியதும் திரும்பப் போடுவது இங்கே வழக்கம். ஆண்ட்ரூ மலையேறிய அன்று சாயங்காலம் பீப்பாய் நிறைந்திருந்ததைப் பார்த்துத்தான், எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அவர் மலைப்பாதையின் கேட்டைப் பூட்டினார். குடுவைச் செடியைப் படமெடுக்க நின்றுவிட்ட ஆண்ட்ரூ, தன்னோடு வந்தவனிடம் கம்பைக் கொடுத்தனுப்பியது அவருக்குத் தெரியாது. "தேடுறத நிறுத்திட்டாங்கம்மா. வேன் பாச்சாங் டவுனுக்குப் போவுது, ஏறிக்கலாம் லா," என்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்ட்ரூவின் மனைவி ஜோனிட்டா அசையவில்லை. மேகம் மலையை முழுக்க விழுங்கியிருக்கிறது; அதற்குள்ளிருந்து ஓர் இருவாச்சிப் பறவை கத்துகிறது. வேன் ஹாரன் அடிக்கிறது. அவள் எழுந்து வந்து, பீப்பாயிலிருந்து ஒரு கம்பை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.

"இப்ப பாருங்கண்ணே, ஒன்னு கொறையுது," என்கிறாள். "கேட்டப் பூட்டாதீங்க."