லேசர் தொப்பிக்கு ஆதாரம் உண்டா?

"ஆய்வு எங்க தம்பி? அதக் காட்டும் பாப்பம்."

கல்முனை அழகுசாதனக் கடையில் நின்று இன்ஸாப் கேட்டார். அவர் விஞ்ஞான ஆசிரியர். பக்கத்தில் அவரது மனைவி முனவ்வறா முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

உட்புறம் சிவப்பாக மின்னிய லேசர் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, கடைக்காரர் றுமைஸ் போனை நீட்டினார்.

"இந்தா இரிக்கி சேர். முடி வளருதெண்டு வெளிநாட்டு டொக்டர்மாரே எழுதியிரிக்காங்க."

இன்ஸாப் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"தொப்பி செய்யிற கம்பெனியே காசு குடுத்துச் செய்த ஆய்வு. அதுவும் பரம்பரையா முடி கொட்டுற கொஞ்சப் பேர்ல மட்டும். எல்லாருக்கும் முளைக்குமெண்டு இதுல எங்க போட்டிரிக்கி?"

றுமைஸ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தொப்பியை விலை கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மெல்ல நழுவினார்கள்.

"எனக்கு அது வேணும்," என்றாள் முனவ்வறா.

"உனக்கென்ன விசரா? வா."

மோட்டார் சைக்கிளில் வரும்போதும் அவர் விடவில்லை.

"முடி கொட்டுறதுல எத்தனையோ வகை இரிக்கி. எந்த வகையெண்டே தெரியாம காசக் கொண்டுபோய்க் கொட்டுறதா?"

காற்றில் விலகிய முக்காட்டை அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் முக்காட்டைக் கழற்றினாள். பல மாதமாக வீட்டுக்குள்ளும் அவள் அதைக் கழற்றியதில்லை. அவரும் ஏனென்று கேட்டதில்லை.

"எந்த வகையெண்டு பாருங்க."

உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறுமை. சுற்றிவரக் கட்டையும் நெட்டையுமாக அறுந்த முடி. அங்கங்கே காய்ந்த இரத்தம்.

இன்ஸாப் பதறிப்போய் அருகில் வந்தார்.

"இது கொட்டின முடியில்லயே... புடுங்கின மாதிரியெல்லவா இரிக்கி! ஆரு?"

"நான்தான்."

"ஏன் புள்ள?"

"அந்தத் தொப்பியப் போட்டு முளைச்சிட்டா, உங்களுக்குத் தெரியாமலே போயிருமெண்டு நினைச்சன்."

"நான் கேக்கிறது அதில்ல. ஏன் புடுங்கின?"

முனவ்வறா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நம்மட புள்ள மூச்சில்லாம மவுத்தாப் பொறந்த அண்டைக்கு, இனி அதப்பத்திக் கதைக்கவும் படாது, அழவும் படாதெண்டு சொன்னீங்க. நான் அழல்ல. கைதான் சும்மா இரிக்குதில்ல."